காவிரி நாடும் கப்பற் பிரயாணிகளும்

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் ஏறக்குறைய 60 கடல் மைல். நாம் கொழும்புக்குப் போகும் தூரத்தில் மூன்றிலொரு பங்குகூட ஆகாது. 2023 ஒக்டோபர் 14 இல் இவ்விரு துறைகளுக்குமிடையே தொடங்கிய கப்பற்சேவை சில நாட்களிலேயே நின்றுபோயிற்று. 2024 ஓகஸ்ட் 16 இல் ‘சிவகங்கை’ என்னும் கப்பலுடன் மீண்டும் ஆரம்பமாகி, மாரி காலத்தில் தடைப்பட்டு, 2025 பெப்ரவரியில் மறுபடியும் நடைபெறலாயிற்று. நமது முன்னோர்க்கு இது புதிய வழியன்று. ஆறுமுக நாவலர் 1864 இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார் எனில், இடையிலிருந்த கடலை அக்காலத்தவர் ஒரு தடையாக எண்ணவில்லை என்பது தெளிவு. யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றியதும் ஒரே ஆண்டில், 1658 இல்.

இன்று கப்பலேறிச் செல்வோர் எதைப் பார்த்து மீளுகின்றனர் என்பதே நமது கேள்வி. பெரும்பாலும் சிதம்பரம், தஞ்சைப் பெரிய கோயில், நாகூர், வேளாங்கண்ணி. நேரமிருப்பின் கும்பகோணத்துப் பாத்திரக்கடை. தரிசனத்தைக் குறை கூறுவார் யார்? ஆயினும் அக்கோயில்களை எழுப்பிய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமலே வாகனம் திரும்பிவிடுகின்றது. அது நெல்லிலிருந்து வந்தது. நெல் ஆற்றிலிருந்து வந்தது.

கல்லணையில் நின்று பார்த்தால் இது விளங்கும். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என அங்கே நீர் பிரிகின்றது. பின்னர் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு எனக் கிளைத்துக் கிளைத்து வயல்களுக்குள் நுழைகின்றது. இவ்வாறு கொடுத்துக் கொடுத்து மெலிந்த காவிரி, பூம்புகாரிற் கடலைச் சேருமிடத்தில் ஒரு வாய்க்கால் போலத் தோன்றும். சிலப்பதிகாரம் படித்த மாணவர் பெருநதியை எதிர்பார்த்துச் சென்று ஏமாறுவதுண்டு. அங்கே காணாத நீர் வழியிலுள்ள வயல்களில் நிற்கின்றது என்று ஆசிரியர் ஒருவர் உடனிருந்து சொன்னாற் போதும்.

சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள பிச்சாவரத்தையும் நம்மவர் தவறவிடுகின்றனர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கண்டற்காடு அது. தில்லை என்னும் பெயரைச் சிதம்பரத்துக்குத் தந்த தில்லைமரத்தை இன்று காண வேண்டுமாயின் இக்காட்டுக்கே செல்லல் வேண்டும். 2004 ஆழிப்பேரலையின்போது காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் ஓரளவு தப்பியமைக்கு இம்மரங்கள் துணைநின்றன என்பர். துடுப்புப் படகொன்றில் ஏறினால், கிளைகள் தலைக்குமேற் கவிந்த ஒடுங்கிய நீர்வழிகளிற் சத்தமின்றிச் செல்லலாம். இயந்திரப் படகு அவ்வழியிற் புகாது. துடுப்புப் போடுபவனுக்குக் கூலியும் கிடைக்கும், கொக்குக்கு நிம்மதியும் கிடைக்கும். உல்லாசப் பிரயாணத்தை வளர்ப்போர் வேகமான படகுகளையே வளர்ச்சி என்று கருதாதிருப்பாராக.

2020 இல் தமிழ்நாட்டு அரசு தஞ்சாவூர், திருவாரூர், நாகபட்டினம் முதலிய கழிமுகப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமியற்றிற்று. எண்ணெய், எரிவாயு அகழ்வு போன்ற புதிய முயற்சிகளுக்கு அங்கே இடமில்லை. அவ்வாறாயின் உழவன் வீட்டுக்கு வேறு வருவாய் எது? விருந்தாளியின் பணம் ஒரு வழி. ஆனால் அது இப்பொழுது நகரத்து விடுதிகளோடு நின்றுவிடுகின்றது. ஓட்டு வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் தங்கி, நாற்று நடுவதைப் பார்த்து, அவ்வீட்டுச் சோற்றை உண்டு, அதற்குரிய பணத்தை அவ்வீட்டாரிடமே கொடுத்துவரும் ஏற்பாடு பெருகுதல் வேண்டும். வயலை நிரவி விடுதி கட்டுவதோ, பார்க்க வந்த பொருளையே மண்ணிட்டு மூடுவதாகும்.

அயலார்க்குப் புத்தி சொல்லும் நமக்கும் ஓர் ஆறு உண்டு. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறென்றால் தஞ்சாவூரார் சிரிக்கக் கூடும்! எனினும் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலிக் கடலேரிக்குச் செல்லும் அவ்வாற்றின் கரையில் தை மாதத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். பழம் பௌத்தச் சின்னங்களும், வயல்களும், பனந்தோப்பும், நீர்ப்பறவைகளும் ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கும். அக்கரையிலிருந்து கப்பலில் வருவோரை நாம் நல்லூருக்கும் நயினாதீவுக்கும் மட்டுமே அழைத்துச் செல்கின்றோம். குப்பை கொட்டும் இடமாக ஆற்றைப் பயன்படுத்தும்வரை வேறு எதைக் காட்டுவது?

காவிரி நாட்டுக்குச் செல்ல விரும்பும் குடும்பங்கள் காலத்தை அறிந்து செல்க. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை யூன் 12 இல் திறப்பது வழக்கம். நீரிருப்புக் குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். ஐப்பசி, கார்த்திகையிற் கழிமுகம் மிகப் பசுமையாயிருக்கும். ஆனால் கடல் கொந்தளிப்பதும் கப்பல் தடைப்படுவதும் அப்பொழுதே. ஆகவே ஆவணி, புரட்டாதியே ஏற்றவை. வாய்க்காலில் நீர் ஓடும்; கடலும் பெரும்பாலும் இடங்கொடுக்கும். கப்பல் புறப்படும் நாளை முன்கூட்டியே விசாரித்து, விசாவையும் பெற்றுக்கொண்டு புறப்படுக.