பழைய காருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்!



"ஏம்ப்பா, இன்னுமா இந்தப் பழைய டப்பாவக் கட்டிக்கிட்டு அழுறீக? வித்துத் தொலைச்சிட்டுப் புதுசா ஒண்ணு எடுங்க!"

எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் 2004 மாடல் மாருதி 800 ஒன்று நிற்கிறது. விசேஷத்துக்கு வரும் சொந்தக்காரர்களில் ஒருவராவது இந்த வசனத்தைச் சொல்லாமல் போவதில்லை. 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன வண்டி அது. ஆனாலும் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரி வண்டி, கல்யாண வண்டி, குலதெய்வம் கோயில் வண்டி, எல்லாம்!

விற்க வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா? இதைக் கௌரவத்தால் முடிவு செய்யக்கூடாது, கணக்கால் முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் வீட்டிலிருக்கும் டிப்ளமோ மாணவர்களாகிய நாம்தான்.

முதலில் புது வண்டியின் கணக்கு. 5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 10,400 ரூபாய். வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சம்! பழைய வண்டிக்கு ஒரே சமயத்தில் 15,000 ரூபாய் பில் வந்தால் "ஐயையோ" என்று அலறுகிறோம். மாதாமாதம் 10,400 கட்டுவதைப் பற்றி யாரும் அலறுவதில்லை!

அதுவும் நம் பகுதி வருமானம் எப்படிப்பட்டது? தீபாவளிக்கு முன் ஓட்டம், தீபாவளி முடிந்தால் ஓய்வு. மழை வந்தால் வேலை நிற்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை நம் வீடுகள் மறந்திருக்காது. ஆலைக்கு லீவு உண்டு, தவணைக்கு லீவு கிடையாது.

அப்படியானால் பழைய வண்டியே போதும் என்று சும்மா இருந்துவிடலாமா? கூடாது. அதற்கும் கணக்கு வேண்டும். ஒரு நோட்டு வாங்குங்கள். பெட்ரோல் டேங்கை முழுதாக நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த தடவை மறுபடி முழுதாக நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். "சுமாரா இருபது குடுக்கும்" என்பதெல்லாம் டீக்கடைக் கணக்கு!

இந்த நோட்டு எங்களுக்கு ஒரு பாடம் சொன்னது. ரேடியேட்டர் வேலைக்குப் போனபோது மெக்கானிக் ஒருவர், "அண்ணாச்சி, நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டிப் போட்டா என்ஜின் குளுகுளுன்னு இருக்கும்" என்றார். அப்பாவும் சரி என்றார். அதன் பிறகு 16 கொடுத்த வண்டி 14-க்கு இறங்கியது. காரணம் நாம் படித்ததுதான். என்ஜின் தனக்குரிய சூட்டுக்கு வந்தால்தான் சிக்கனமாக ஓடும். சூடு ஏறவில்லை என்று சென்சார் சொன்னால், எம்.பி.எஃப்.ஐ. வண்டி கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். தேய்மானமும் அதிகம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 16-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் மாதம் சுமார் 445 ரூபாய், வருஷத்துக்கு 5,300-க்கு மேல். புதுத் தெர்மோஸ்டாட் வாங்க ஆனது சில நூறுதான். நோட்டு இல்லாவிட்டால் "வண்டிக்கு வயசாயிருச்சு" என்று முடித்திருப்போம்!

செலவைக் குறைக்கும் மற்ற வழிகளும் சாதாரணமானவையே. டயர் காற்றை மாதம் இருமுறை, வண்டி சூடாவதற்கு முன் பாருங்கள். நான்கு டயரிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 2 சதவீதம் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ரேடியேட்டரில் போர் தண்ணியை ஊற்றாதீர்கள். நம் ஊர் உப்புத் தண்ணி உள்ளே காறையாகப் படியும். டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் எரிபொருள் மிச்சம் என்று பி.சி.ஆர்.ஏ. என்ற எண்ணெய்ச் சிக்கன அமைப்பு வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

ஒன்று மட்டும் நம் கையில் இல்லை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காக வடிவமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் பதம் பார்க்கும். ஆகவே பெட்ரோல் குழாய்களைச் சோதித்து மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதீர்கள். காருக்குள் பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கே பாருங்கள், நாளை என்று தள்ளாதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எதில் மிச்சம் பிடிக்கக்கூடாது?

பிரேக், டயர், ஸ்டியரிங், ஒயரிங். இந்த நான்கில் கை வைக்கவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது அது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்! இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரில் பட்டன் இருந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வயசான ரப்பர் வெயிலில் வெடிக்கும்.

செலவை மிச்சம் பிடிக்கப் பாதுகாப்பில் கை வைத்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்ததைப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மருந்து வாசம் அடிக்கும் ஊர்களில், சைலன்சரில் டப் டப்பென்று வெடித்துக்கொண்டும், ஒட்டுப்போட்ட ஒயரோடும் ஒரு வண்டி போகலாமா? சொல்லுங்கள்!

எதிர்க்கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டினால் 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று தனி. அதைவிடப் பெரிய குறை, எங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாது. எத்தனை பராமரித்தாலும் அது வந்துவிடாது. அதனால் நாலு வழிச்சாலையில் நூறில் விரட்ட அது லாயக்கில்லை. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பக்கத்து ஊர்களுக்கு நிதானமாக ஓட்டலாம். தரைத்தகடும் சேஸியும் துருப்பிடித்து உளுத்துப்போனால், பாசத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு முறைப்படி கழிவுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த நாளையும் நோட்டே காட்டிக் கொடுக்கும்.

நண்பர்களே! வகுப்பில் ஐ.சி. என்ஜின் படம் வரைந்து மார்க் வாங்குகிறோம். வீட்டில் அப்பா, "தம்பி, வண்டி ஏன் இழுக்க மாட்டேங்குது?" என்று கேட்டால் தலையைச் சொறிகிறோம்! நம் முதல் ஒர்க்‌ஷாப் நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறங்கள். ஒரு நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் இன்றைய கிலோமீட்டரை எழுதுங்கள்.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல்