திருத்துவதை நிறுத்திய மகள்

அல்சைமர் நோயால் நினைவிழந்துவரும் தாயிடம் உண்மையை எத்தனை முறை எடுத்துரைப்பது? எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்பது அரிது. அவர்களுடைய களைப்பு கேட்கிறது. இதற்கு மருத்துவ நூல்களைவிடத் தெளிவாக விடை பகர்ந்த ஒரு படத்தை நாங்கள் அறிவோம்.

அமெரிக்க இயக்குநர் டெபோரா ஹாஃப்மன், தம் தாய் டோரிஸைப் பற்றி 1994இல் எடுத்த ஆவணப்படம் அது. 44 நிமிடமே ஓடும். ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. 'கடமையுணர்வுள்ள மகளின் குறைகள்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தொடக்கத்தில் அம்மகள் தாயின் ஒவ்வொரு பிழையையும் திருத்துகிறார். தாய் கலங்குகிறார், மகள் சோர்கிறார். தம்மை மகளென்றே தாய் அறியாத நிலையில், திருத்துவதைக் கைவிட்டு, தாய் இருக்கும் உலகிற்குள் தாமே செல்கிறார். அதன்பின் இருவரும் சிரிக்கிறார்கள். பார்க்கும் நாமும் சிரிக்கிறோம். அதில் அவமதிப்பு ஏதுமில்லை.

'அப்படியானால் பெற்றவளிடம் பொய் சொல்வதா?' என்பார்கள். பொய் என்று நாங்கள் கருதவில்லை. இந்நோயில் புதிய செய்தியைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியே பெரும்பாலும் முதலில் சிதைகிறது. "அப்பா இறந்து பத்தாண்டாயிற்று அம்மா" என்று பகலில் நான்கு முறை சொன்னால், அவருக்கு நான்கு முறையும் அது முதல் சாவுச் செய்தி. செய்தி மறந்துபோகும்; அது கிளப்பிய துயரம் பின்னும் நீடிக்கும். அதைவிட, "அப்பாவை நினைத்துக்கொண்டீர்களா? அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்பது மேல். அவர் தேடுவது பெரும்பாலும் அந்தப் பேச்சைத்தான்.

இந்த விட்டுக்கொடுத்தல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மாத்திரை, அடுப்பு, சொத்துப் பத்திரத்தில் கையொப்பம் ஆகியவற்றில் உறுதி வேண்டும். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் மிகுந்தால், 'நோய் முற்றிவிட்டது' என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, இரத்தத்தில் சோடியம் குறைவோ, புதிதாகத் தொடங்கிய மருந்தோ காரணமாகலாம். உடனே அழைத்து வாருங்கள். இவற்றுள் பலவும் குணப்படுத்தக்கூடியவை.

ஆண்டுக்கொருமுறை வந்து, "அம்மாவிடம் உள்ளதைச் சொல்லக்கூடாதா?" என்று அறிவுரை கூறும் உறவினரிடம் நீங்கள் வாதிட வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் முழுதும் அம்மாவை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, நீங்கள் சற்று உறங்குங்கள்.