பண்டிகை விமானக் கட்டணத்துக்குக் கடிவாளம் தேவை

பொங்கல் நெருங்கிவிட்டால் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துப் பல வீடுகளில் ஒரே விசாரிப்புதான்: "டிக்கெட் கிடைச்சுதா?" டெல்லியிலும் மும்பையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு நாள் விடுப்பு. டெல்லியிலிருந்து ரயிலில் வந்து திரும்பினால், போக வரவே மூன்று நாள் போய்விடும். பெற்றோருடன் ஒரு நாளாவது இருக்க வேண்டுமென்றால் விமானம்தான் வழி. அந்த வழியில்தான் தட்டிக்கேட்க ஆளில்லாத கட்டண வேட்டை நடக்கிறது. சாதாரண வாரத்தில் ஒரு விலைக்கு விற்ற அதே இருக்கை, போகிக்கு முந்தைய நாள் பல மடங்கு விலைக்குப் போகிறது.

தரையில் நிலைமை வேறு. அரசு விரைவுப் பேருந்தில் பண்டிகை நாளிலும் அதே கட்டணம்தான். ஆம்னி பேருந்துகள் கூடுதலாக வசூலித்தால் போக்குவரத்துத் துறை புகார் எண் அறிவிக்கிறது. சுங்கச்சாவடிகளில் நிறுத்திச் சோதனையும் செய்கிறது. ராஜ்தானி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பர் முதல் இடங்கள் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறுகிறது. ஆனாலும் அது அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கைத் தாண்டுவதில்லை. வானில் மட்டும் ஏன் வரம்பே இல்லை?

சட்டத்தில் இடமில்லை என்று கூற முடியாது. கட்டணத்தை நிர்ணயிக்கும்போது இயக்கச் செலவையும் நியாயமான லாபத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 135ஆவது விதி. மிகையான கட்டணம் என்று கண்டால் உத்தரவிடும் அதிகாரமும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு உண்டு. கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, கட்டண வரம்பு நடைமுறையில் இருந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தாகிப் பயணிகள் தவித்தபோது, மத்திய அரசு 500 கி.மீ. வரை ரூ.7,500, 1,500 கி.மீ.க்கு மேல் ரூ.18,000 எனத் தூரத்துக்கேற்ப உச்சவரம்பு விதித்தது. அரசு நினைத்தால் ஒரே நாளில் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

விமான நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எரிபொருள் செலவு அதிகம். பண்டிகைக்கு முன் நிரம்பி வரும் விமானம் திரும்பும்போது காலியாகப் போகலாம். முன்கூட்டியே பதிவு செய்தால் குறைந்த விலையில் கிடைக்கிறதே என்றும் கேட்கிறார்கள். ஆனால், கடைசி வாரத்தில்தான் விடுப்பு உறுதியாகும் மருத்துவமனைச் செவிலியரும் தொழிற்சாலை ஊழியரும் இரண்டு மாதத்துக்கு முன் எப்படிப் பதிவு செய்வார்கள்? காலியாகத் திரும்பும் செலவுக்காக, சாதாரண வாரங்களின் சராசரிக் கட்டணத்தில் இரு மடங்கு வரை ஏற்றிக்கொள்ளட்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதற்கும் நியாயமில்லை.

டிக்கெட்டுக்கு அள்ளிக் கொடுத்தவரின் அலைச்சல் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு முடிவதுமில்லை. பெட்டியும் பையுமாகக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய், முண்டியடித்து இடம் பிடித்து, பரனூர் சுங்கச்சாவடி நெரிசலில் ஊர்ந்து, நள்ளிரவில் திண்டிவனம் மேம்பாலத்தடியில் இறங்கி ஆட்டோ தேடுகிறார். விழுப்புரத்தையே தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம், பண்டிகை நாள்களில் விமான நிலைய வாசலிலிருந்து நேரடிப் பேருந்துகளை இயக்கலாம்.

சென்னைக்கு மாற்றாக, திண்டிவனம், விழுப்புரம் ஆகிய இரு ஊர்களுக்கும் சுமார் 40 கி.மீ. தொலைவிலேயே புதுச்சேரி விமான நிலையம் இருக்கிறது. அங்கே ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். சிறிய ஏடிஆர் விமானங்களே இறங்க முடியும். 2024 டிசம்பரில் பெங்களூரு, ஹைதராபாத் சேவை மீண்டும் தொடங்கியது ஆறுதல். ஓடுபாதையை நீட்டத் தேவையான நிலத்தில் ஒரு பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் வருகிறது. நிலம் கொடுப்போருக்கு உரிய இழப்பீட்டை உறுதி செய்து, ஆண்டுக்கணக்கில் இழுபடும் இந்த விவகாரத்துக்குத் தமிழக, புதுச்சேரி அரசுகள் முடிவு காண வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் காலமாகும். கட்டண வரம்புக்கு ஓர் உத்தரவு போதும். பொங்கல், தீபாவளி எந்தத் தேதியில் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மக்கள் கதறிய பிறகு விழித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பண்டிகைக்கும் இரண்டு மாதம் முன்பே வழித்தடவாரியாக உச்சவரம்பை மத்திய அரசு அறிவிக்க வேண்டும். மீறும் நிறுவனத்திடமிருந்து கூடுதல் தொகையைப் பயணிக்கே திருப்பித் தரச் செய்ய வேண்டும். திண்டிவனமும் விழுப்புரமும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் வருபவை. அதன் உறுப்பினரும் தமிழகத்தின் பிற எம்.பி.க்களும் கட்சி வேறுபாடின்றி இதை நாடாளுமன்றத்தில் வலியுறுத்த வேண்டும்.