பிறனும் கப்வாவும்



நல்ல சமாரியன் உவமைக்கு முன்னே நம்முடைய வேதாகமத்தில் ‘பிறன்’ என்று வாசிக்கிற இடத்தில், பிலிப்பைன்ஸ் தேசத்தாரின் தகாலோக் வேதாகமத்தில் ‘கப்வா’ என்ற சொல் நிற்கிறது. பிறன் என்றாலே நானல்லாத வேறொருவன். கப்வாவோ அவனும் நானும் பகிர்ந்துகொள்ளும் ஒரே ‘தான்’. முன்பின் அறியாத அந்நியனும் அதற்குள் அடக்கம்.

இச்சொல்லின்மேல் ஓர் உளவியலையே கட்டினவர் விர்ஹிலியோ என்ரிக்கேஸ். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1971-ல் தாய்நாடு திரும்பியவர். தம் ஜனங்களின் உள்ளத்தை அந்நிய முழக்கோலால் அளப்பது தகாது என்று அவர் கண்டார். அவருக்கு முன்னே, பிராங்க் லின்ச் என்னும் அமெரிக்க இயேசு சபைக் குருவானவர், பிலிப்பினோக்கள் எவரோடும் மோதாமல் இணங்கிப்போவதைப் பெரிதாக எண்ணுகிறவர்கள் என்று எழுதியிருந்தார். அதற்குரிய சொல் ‘பகிகிசாமா’. அதுவே அத்தேசத்தாரின் தலையாய குணமென்று பலராலும் எண்ணப்பட்டது.

என்ரிக்கேஸும் கார்மென் சந்தியாகோவும் 1976-ல் அந்த மொழியையே சாட்சிக்கு அழைத்தார்கள். மனிதரோடு பழகுவதற்கு அதில் எட்டுப் படிகள் இருந்தன. முதற்படி, மரியாதைக்குப் பேசும் ‘பகிகிதுங்கோ’. கடைசிப் படி, ஒன்றாகிவிடும் ‘பகிகிஈசா’. பகிகிசாமா எங்கே நிற்கிறது தெரியுமா? ஐந்தாம் படியில். அதுவரையிலும் எதிரே இருப்பவர் ‘இபாங் தாவோ’, அதாவது வெளியாள். ஆறாம் படியில்தான் உள்ளம் திறக்கிறது. அவர் நம்மில் ஒருவராகிறார். வெளியாளுக்குக் காட்டிய இணக்கத்தை ஒரு தேசத்தின் இருதயம் என்று எழுதிவைத்துவிட்டார்கள்!

பல மொழிகள் வழங்கும் தேசத்திற்குத் தகாலோக் சொற்கள் மாத்திரம் போதுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் இவர்கள் வகுத்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். கேள்வித்தாளை நீட்டுமுன் பழகவேண்டும். பேச்சோடு பேச்சாக, பலமுறை விசாரிக்கவேண்டும். ‘பக்தாத்தானோங்-தானோங்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். கேட்கிறவன் எந்தப் படியில் நிற்கிறானோ, அந்தப் படிக்குரிய பதிலே அவனுக்குக் கிடைக்கும்.

நம்முடைய வீடு சந்திப்புகளையும் இங்கே நினைக்கிறேன். உட்கார்ந்த ஐந்தாம் நிமிடத்தில் நோட்டைத் திறந்து ‘ஜெபக்குறிப்பு என்ன?’ என்று கேட்டால், ‘எல்லாரும் சுகமாயிருக்கிறோம் ஐயா’ என்றுதான் சொல்லுவார்கள். அது முதற்படியின் பதில். வருகிற வாரம் சந்திப்புக்குப் போகிறவர்கள் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, பத்து வீடுகளுக்குப் பதிலாக இரண்டு வீடுகளுக்கு மாத்திரம் போய்வாருங்கள்.