புயல் அனுமதி கேட்டுக்கொண்டு வருவதில்லை!

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், 'புயலுக்கு முன் செய்ய வேண்டியவை' என்று பத்திரிகைகளிலும் டி.வி.யிலும் ஒரு பட்டியல் வந்துவிடும். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச் லைட், பால் பவுடர், குடிநீர்... நானும் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் வாங்கி அடுக்குகிறவள்தான். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் நாலு சகோதரிகளுக்குப் பயன்படட்டுமே என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில். இங்கே சிட்கோ தொழிற்பேட்டை இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். விழுப்புரம், திருவண்ணாமலை, தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ வயசுப் பெண்கள் வேலைக்கு வந்து தங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்புறம் ஒருவர் வரிசையாக ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மேலே சிமெண்ட் ஷீட். ஒரு ரூமில் ஐந்து பெண்கள். காலை ஐந்தரைக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். என்னைப் பார்த்தால் "என்னக்கா, சாப்ட்டாச்சா?" என்று ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

2016, டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல். 'வர்தா' என்றால் ரோஜாவாம்! அந்த ரோஜா வந்த லட்சணத்தை நம் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. முதல் நாளே ரேடியோவில் சொன்னார்கள். என் மாமியார், "கடல் எங்கியோ நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. நம்மூருக்கு வர்றதுக்குள்ள புயலுக்கே மூச்சு வாங்கிடும்" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்காரரும் வழக்கம்போலக் காலை ரயிலில் பாடிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கரண்ட் போச்சு. ஒரு மணிக்கு மேல் காற்று இரைகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. எதிர்வீட்டு சின்டெக்ஸ் டேங்க் மூடி பறந்து வந்து எங்கள் காம்பவுண்டில் மோதியது. கொல்லை முருங்கை மரம் வேரோடு சாய்ந்தது. செல்போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை.

அப்போதுதான் பின்வாசல் கதவைத் தட்டினார்கள். பின் ரூம் பெண்களில் இரண்டு பேர், தொப்பலாக நனைந்து. "அக்கா, ஷீட்டெல்லாம் தடதடன்னு ஆடுதுக்கா. பயமா இருக்கு. காத்து நிக்கிற வரைக்கும் உங்க வீட்ல உக்காந்துக்கட்டுமா? அஞ்சு பேருதான்கா" என்றாள் ஒருத்தி.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஓடி வாங்கடி" என்று சொல்லியிருக்க வேண்டாமா? நான் சொன்னது, "அவர் வீட்ல இல்லம்மா. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே."

உள்ளே வந்து போனைப் போட்டேன். போகவில்லை. திரும்பப் போட்டேன். போகவில்லை. மாமியாரிடம் கேட்டேன். "வயசுப் பொண்ணுங்க. யார் எவரோ. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்கு யார் பதில் சொல்றது? அவன் வரட்டும்" என்றார். அவன் எப்படி வருவான்? புறநகர் ரயிலையே நிறுத்திவிட்டார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஒரு அரை மணி நேரம் நான் போனை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின் ரூமின் ஷீட் உடைந்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. அந்த மழையில் ஓடிப்போய் ஐந்து பேரையும் இழுத்து வந்தேன். ஒருத்திக்குக் கணுக்காலுக்கு மேலே ஷீட் கிழித்து, ரத்தம் நிற்கவில்லை. என் பழைய புடவையைக் கிழித்துக் கட்டினோம். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. ஏழு தையல்.

கையில் பணம்? அந்த வருஷம் நவம்பர் 8ம் தேதிதான் ஐநூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் நாம் சேர்த்து வைத்ததெல்லாம் பாங்க்குக்குப் போய்விட்டது. ஏ.டி.எம்.மில் பணம் இல்லை. கரண்ட் இல்லாததால் கடைகளில் கார்டு மெஷினும் இல்லை. பால்காரரிடமும் மளிகைக் கடையிலும் கடன் சொல்லித்தான் அந்த வாரத்தை ஓட்டினோம். மோட்டார் ஓடாததால் ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் ஐநூறு ரூபாய் கொடுத்துத்தான் டேங்க்கை நிரப்பினோம்.

மறுநாள் சாயங்காலம், பாதி தூரம் லாரியிலும் மீதி தூரம் நடந்தும் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கூடத்தில் ஐந்து பெண்களைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் சர்வசாதாரணமாக, "இதைக்கூடவா என்னைக் கேக்கணும்? உடனே கூட்டிட்டு வர வேண்டியதுதானே?" என்றார்.

திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கல்யாணமாகி அப்போது பதினெட்டு வருஷம். அரை லிட்டர் பால் அதிகம் வாங்குவதென்றாலும், அம்மா வீட்டுக்கு ஒரு நாள் போவதென்றாலும் கேட்டுக் கேட்டே பழகிவிட்ட எனக்கு, எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்பதே மறந்துபோயிருந்தது. அவர் அனுமதி தர மறுக்கவில்லை. நான்தான் அனுமதி இல்லாமல் அசைய மறந்திருந்தேன். அந்தப் பெண் தினக்கூலி கான்ட்ராக்டில் இருந்தவள். ஒரு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. சம்பளமும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. "நீங்க என்னக்கா செய்வீங்க" என்று அவள் சொல்லிவிட்டுப் போனது இன்னும் என் காதில் இருக்கிறது.

இது என் ஒருத்தியின் கோழைத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. 1991 ஏப்ரலில் பங்களாதேஷ் கடலோரத்தில் வீசிய புயலில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். காரணம் என்ன தெரியுமா? எச்சரிக்கை வந்தும், வெளியே போன கணவர் வந்து சொல்லட்டும் என்று குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே காத்திருந்தவர்கள் பலர். ஆண்கள் கூட்டமாக இருக்கும் முகாமுக்கு எப்படிப் போவது என்று கூசியவர்கள் பலர். புடவை காலில் சுற்றி ஓட முடியாமல் போனவர்களும் உண்டு. அதன் பிறகு அந்த நாட்டில் முகாம்களில் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். வீடு வீடாகப் போய் எச்சரிக்கை சொல்லும் தொண்டர்களில் பெண்களையும் ஏராளமாகச் சேர்த்தார்கள். புயல் வருவது நிற்கவில்லை. சாவு மட்டும் வெகுவாகக் குறைந்தது.

அன்றைக்கே எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். புயல், வெள்ளம், தீ என்று வந்தால் வீட்டில் இருப்பவர் எடுப்பதுதான் முடிவு, யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று. சொல்வதற்கு இரண்டு நிமிஷம் ஆனது. பதினெட்டு வருஷமாக ஏன் பேசவில்லை என்றுதான் தெரியவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை பிடித்ததுமே, நான் குடையை எடுத்துக்கொண்டு பின் ரூமுக்குப் போனேன். எல்லாரும் புதுப் பெண்கள். "ராத்திரி காத்து ஜாஸ்தியாகும். துணிமணி, சர்ட்டிபிகேட், ஆதார் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க" என்றேன். ஒரு குக்கர், பத்து கிலோ அரிசியோடு வந்தார்கள். இரண்டு நாள் எங்கள் கூடத்தில்தான் படுக்கை. எண்பது வயது மாமியாருக்குக் காலில் தைலம் தேய்த்துவிட்டவள் ஒருத்தி. "அந்த ஜன்னலைச் சாத்துடி, சாரல் அடிக்குது" என்று அவர் பேத்தியை அதட்டுகிற மாதிரி அதட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 4ம் தேதி சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் அரசு பொது விடுமுறை அறிவித்தது. தனியார் நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டது. நல்லதுதான். ஆனால் மெஷினில் நின்று வேலை பார்க்கிற பெண் அதை வீட்டிலிருந்து எப்படிச் செய்வாள்? எங்கள் கூடத்தில் இருந்த பெண்களில் இரண்டு பேருக்கு, "வராவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது" என்று சூப்பர்வைசரிடமிருந்து போன். தண்ணீரில் நடந்து போகவும் கிளம்பிவிட்டாள் ஒருத்தி. நான்தான் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளுக்கு அந்த இரண்டு நாள் சம்பளம் போனது போனதுதான். 'ரெட் அலர்ட்' என்றால் ஒரே நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாளில் தினக்கூலிப் பெண்ணுக்கும் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டமாகவே போட்டால் என்ன?

எண்ணூர் பக்கம் நடந்ததைக் கேட்டபோது எங்கள் கஷ்டம் கஷ்டமே இல்லை என்று தோன்றியது. அதே மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து மீனவர் வீடுகளுக்குள்ளேயே புகுந்துவிட்டது. சுவரிலும் பாத்திரத்திலும் ஒட்டிய அந்தப் பிசுக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது யார்? நம்மைப் போன்ற பெண்கள்தானே. எங்கள் பக்கத்துப் பூண்டி ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் மணலி, எண்ணூர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. இங்கே நமக்கு மழை விட்டாலும் அங்கே அவர்களுக்கு வெள்ளம் வடிவதில்லை.

பட்டு அறிந்த சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் இருக்கும்போதே மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிடுங்கள். நிறைந்த தொட்டியைக் காற்று தூக்காது. மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். ஃப்ரிட்ஜை நம்பி மாவு அரைத்துக் குவிக்காதீர்கள். அவல், ரவை, பொரி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் இருந்தால் மூன்று நாளை ஓட்டிவிடலாம். பெரியவர்களின் சர்க்கரை, பி.பி. மாத்திரை பத்து நாளைக்கு இருக்கட்டும். நம்முடைய 'அந்த நாட்களுக்கு' வேண்டியதையும் மறக்காமல் வாங்குங்கள். நிவாரணப் பொட்டலத்தில் அதை வைக்க யாருக்கும் எளிதில் நினைவு வருவதில்லை. நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் சில்லறைப் பணம் வீட்டில் இருக்கட்டும். புயலின் நடுவில் காற்று திடீரென்று நின்றுவிட்டால், 'விட்டது' என்று துணி எடுக்க மாடிக்கு ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடியும் வேகமாக அடிக்கும். வர்தாவின்போது சென்னையில் இருக்கும் என் நாத்தனார் அப்படி மாடிக்குப் போய் மயிரிழையில் தப்பினாள். அறுந்து கிடக்கும் கம்பி எதையும் தொடாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070 என்று கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தெருவில் ஓட்டு வீட்டிலும் ஷீட் ரூமிலும் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெண்ணின் பெயர் இந்த ஊர் ரேஷன் கார்டில் இருக்காது. முகாம் எங்கே இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் வீட்டுக் கதவு ஒன்றுதான். அதைத் திறப்பதா வேண்டாமா என்று காற்று அடிக்கும்போது யோசிக்காதீர்கள். இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்திலேயே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

மெழுகுவர்த்தி வாங்க மறந்துவிட்டால் ஒரு ராத்திரி இருட்டில் இருந்துவிடலாம். ஒரு வார்த்தை சொல்லத் தயங்கிய அந்த அரை மணி நேரத்தை என்னால் இத்தனை வருஷமாகியும் மறக்க முடியவில்லை.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, காக்களூர்.