எத்தனை சிப்பாய்களை வைத்துக்கொள்வது?

பதிவு கொஞ்சம் நீளம். காப்பி கையில் இருந்தால் நல்லது.

தை பிறந்ததும் நாங்கள் சின்னவன் இருக்கும் அடுக்குமாடிக்குக் குடிபோகிறோம் என்பது பலருக்குத் தெரியும். "புத்தகத்தையெல்லாம் என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் விசாரிப்பது பொம்மைச் சிப்பாய்களைத்தான். எண்ணிப் பார்த்தேன், 612 பேர். புது வீட்டில் எனக்கு ஒதுக்கியிருப்பது மூன்று தட்டு உள்ள ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. மருமகள் டேப் வைத்து அளந்து, இருநூறு நிற்கும் என்று சொல்லிவிட்டாள். அவள் இன்ஜினியர். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பிற்பாடு வந்த மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் சில வருஷம் ஜாம்பியாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். கூட வேலை பார்த்த ஆங்கிலேய ஆசிரியர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு மரப்பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அரை விரல் உயரத்துக்கு உலோகச் சிப்பாய்கள். சிவப்புச் சட்டை ஆங்கிலேயர் ஒரு பக்கம், கேடயமும் ஈட்டியுமாக ஜூலுக்கள் ஒரு பக்கம். மேசையில் பச்சைத் துணி விரித்து, குன்று, ஓடை எல்லாம் அமைத்து, இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுவது. சதுரங்கம் மாதிரிதான். ஆனால் கட்டம் கிடையாது; தோட்டா தீர்ந்துபோகும், சிப்பாய் பயந்து ஓடுவான். அந்தப் பெட்டியில் தொடங்கியதுதான் 612-ல் வந்து நிற்கிறது.

தம்பி மகன் சொல்கிறான்: "பெரியப்பா, அழகா இருக்கிறதை மட்டும் வச்சுக்குங்க." மற்ற சேகரிப்பாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அழகாக இருப்பது எப்போதும் சிவப்புச் சட்டைதான். பித்தளைப் பொத்தான், 24-ஆம் ரெஜிமென்டின் பச்சைக் காலர், வெயிலில் பளிச்சென்று தெரியக்கூடாது என்று டீத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிய தலைக்கவசம் என்று வண்ணம் பூசுவதற்கே ஆசையாக இருக்கும். 1964-ல் வந்த ஜூலு படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தச் சட்டைக்காகத்தான் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறார்கள். ஜூலுக்களோ கும்பல். பத்துப் பேரைக் குறைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்ற நினைப்பு. என் அலமாரியிலேயே பாருங்கள்: சிவப்புச் சட்டை 260, ஜூலு 240. நடந்த போரில் கணக்கு இப்படியா இருந்தது?

1879 ஜனவரி 22. இசாண்டில்வானா மலையடிவாரம். ஆங்கிலேயர் முகாமில் கிட்டத்தட்ட 1,800 பேர். எதிரே வந்த ஜூலுப் படை சுமார் 20,000. முகாமில் இருந்த 24-ஆம் ரெஜிமென்ட் ஆறு கம்பெனி, ஏறக்குறைய 600 பேர். நான் ஆடும் விதிப்புத்தகத்தில் பயிற்சி பெற்ற காலாட்படைக்கு ஓர் அணி 12 பொம்மை, பழங்குடிப் படைக்கு 16. இரண்டு கம்பெனிக்கு ஓர் அணி என்று வைத்தால் ஆறு கம்பெனிக்கு மூன்று அணி, 36 பொம்மை. அவ்வளவு போதும். மீதி 224-ஐக் கொடுத்துவிடலாம், எனக்கு வருத்தம் இல்லை.

ஜூலுக்களுக்கு எத்தனை என்பதில்தான் சண்டை. அவர்கள் போருக்கு வருவது கும்பலாக அல்ல, எருதின் உடல் போல அணிவகுத்து. நடுவில் மார்பு, இரண்டு பக்கமும் வளைந்து சூழும் கொம்புகள், பின்னால் இருப்புப் படையாக இடுப்பு. அன்றைக்கு இடது கொம்பில் வந்தவர்கள் இங்கோபமகோசி, உவே என்ற இளைஞர் படைப்பிரிவுகள். பின்னால் இருந்த உதுல்வானா கல்யாணம் ஆன, வயதில் மூத்தவர்களின் படை. தலையில் வளையம் வைத்துக் கட்டியிருப்பார்கள். கேடயத்தின் நிறத்தை வைத்தே எந்தப் படைப்பிரிவு என்று சொல்லும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. இளையவர்களுக்குக் கறுப்பு, மூத்தவர்களுக்கு வெள்ளை என்பது பொது விதி. 1879-ல் அது கொஞ்சம் தளர்ந்துவிட்டது. மார்பு, இரண்டு கொம்பு, இடுப்பு என்று நான்கு பாகத்துக்கும் தலா இரண்டு அணி வைத்தால் எட்டு அணி, 128 பொம்மை. இதற்குக் கீழே போனால் கொம்பு வளையாது. வளையாத கொம்பை வைத்துக்கொண்டு இசாண்டில்வானா ஆட முடியாது.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அந்த இடுப்புப் படைதான் அன்று மாலை ஆற்றைத் தாண்டி ரோர்க்ஸ் டிரிஃப்டுக்குப் போனது. அங்கே சுமார் 150 பேர் இரவெல்லாம் தாக்குப்பிடித்தார்கள். 11 விக்டோரியா சிலுவை கிடைத்தது. அதே பொம்மைகளை வைத்து அந்தப் போரையும் ஆடிவிடலாம்.

128 என்றதும் தம்பி மகன் ஒரு குறுக்குவழி சொன்னான். பாதி போதுமாம். செத்த ஜூலுப் பொம்மையை எடுத்து மேசை ஓரத்தில் புது அணியாகத் திரும்ப நிறுத்திவிடலாமாம். உண்மைதான், பல வீடுகளில் அப்படித்தான் ஆடுகிறார்கள். எனக்குப் பிடிக்காது. கணக்கைப் பாருங்கள். 600 பேருக்கு 36 பொம்மை என்றால் ஒரு சிவப்புச் சட்டைப் பொம்மைக்குப் பதினாறு, பதினேழு பேர். 20,000 பேருக்கு 128 என்றால் ஒரு ஜூலுப் பொம்மைக்கு 156 பேர். ஏற்கெனவே இவ்வளவு சுருக்கிவிட்டோம். அந்த 156 பேரும் விழுந்த பிறகு அவர்களையே மறுபடி எழுப்பிக் கொண்டுவந்தால், ஜூலுக்களுக்கு ஆள் தீரவே தீராது என்று ஆடுகிற பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஆள் தீர்ந்தது. அன்றைக்கு ஜெயித்தவர்களே ஆயிரம் பேருக்குக் குறையாமல் இழந்தார்கள். ஜூலை 4-ல் உலுண்டியில் ஆங்கிலேயர் சதுரமாக நின்று சுட்டதோடு ஜூலு அரசே போயிற்று.

இனி யாரும் கேட்காத ஒரு பிரிவு. இசாண்டில்வானாவில் ஆங்கிலேயர் தரப்பில் செத்த 1,300-க்கும் மேற்பட்டவர்களில் 400-க்கும் மேல் ஆப்பிரிக்கர்கள். பெரும்பாலோர் நேட்டால் நேட்டிவ் கான்டிஞ்சென்ட் என்ற படையைச் சேர்ந்தவர்கள். சீருடை கிடையாது, அடையாளத்துக்கு நெற்றியில் ஒரு சிவப்புத் துணி. பத்துப் பேரில் ஒருவனுக்குத்தான் துப்பாக்கி. பலருடைய மேசையில் இவர்கள் இருக்கவே மாட்டார்கள். இந்தத் துணியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1806 வேலூர் ஞாபகம் வரும். அங்கேயும் தலையில் என்ன வைப்பது என்பதைக் கம்பெனிக்காரன் தீர்மானிக்கப் போய்த்தானே வந்தது. 1841-ல் சீனாவில் கான்டன் பக்கம் கொட்டும் மழையில் துப்பாக்கி வெடிக்காமல் மாட்டிக்கொண்டது 37-ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி. நம் பக்கத்து ஆட்கள். அடுத்தவன் போரில் நெற்றித் துணியோடு நிற்பவனை நாம் விட்டுவிட்டால் வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? 24 ஜூலுப் பொம்மைகளுக்குக் கேடயத்தை மாற்றி, சிவப்புத் துணி பூசிக்கொண்டிருக்கிறேன். கை முன்போல் நிற்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முடிகிறது.

"நம்மை ஆண்டவன் பொம்மையை வைத்து விளையாடணுமா?" என்று அக்கா கேட்கிறாள். நியாயமான கேள்வி. வகுப்பில் இந்த ஆட்டத்தை ஆடியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: முதல் ஆட்டத்தில் எல்லாருக்கும் சிவப்புச் சட்டைதான் வேண்டும். ஜூலு பக்கம் ஆடியவன்தான், மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கு எதிரே திறந்தவெளியில் அத்தனை அங்குலம் நடப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு எழுந்து போவான். கரும்பலகையில் எழுதி அதை என்னால் புரியவைக்க முடிந்ததில்லை.

ஆக 36, 24, 128. இரண்டு பீரங்கியும் அதற்கு எட்டு ஆட்களும். மொத்தம் 196. நாலு இடம் மிச்சம் என்று மருமகளிடம் சொல்லியாயிற்று.

மீதி 416: சிவப்புச் சட்டை 224, ஜூலு 88, சூடான் ஒட்டகப்படை, போயர்கள், குதிரைவீரர்கள் எல்லாம் சேர்ந்து 104. வேண்டும் என்பவர்கள் கமென்டில் சொல்லுங்கள். காசு வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான்: சிவப்புச் சட்டையை மட்டும் அள்ளிக்கொண்டு போக முடியாது. ஐந்து எடுத்தால் இரண்டு ஜூலுவும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். பழைய பொம்மைகள் ஈயம் கலந்தவை, அதனால் எதையும் வாயில் வைக்கும் வயதில் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தரமாட்டேன். மற்றவர்களும் தொட்டால் கை கழுவ வேண்டும். மார்கழி முடிவதற்குள் ஏதாவது ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். செருப்புப் பெட்டியும் பழைய செய்தித்தாளும் கொண்டு வந்துவிடுங்கள், ஈட்டி வளைந்துவிடும்.