சித்தி விழுங்காத மாத்திரை

என் சித்தி மாத்திரையை நிறுத்தியது ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் பிறகுதான். மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. தலையில் கை வைத்து ஜெபித்தவர், "மறைவான பாவம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டாராம். அன்று இரவே சித்தி மாத்திரையை அட்டையோடு குப்பையில் போட்டுவிட்டு முழங்காலில் நின்றார். செய்யாத பாவங்களையெல்லாம் தேடித் தேடி அறிக்கையிட்டார். மூன்றே வாரத்தில் சாப்பாடும் நின்றுபோயிற்று.

விசுவாசம் இருந்தால் நோய் போகும், கடன் தீரும், மனம் உடையாது. அப்படி நடக்கவில்லை என்றால் விசுவாசத்தில்தான் குறை. நம் சபைகளில் இந்த எண்ணம் ஆழமாக வேரோடிக் கிடக்கிறது. சாட்சி சொல்ல மேடை ஏறுகிறவர்கள் சுகம் பெற்றவர்கள் மட்டுமே. சுகம் கிடைக்காதவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, ஆசீர்வாத ஜெபம் முடியும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதைப் பக்தி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நொந்தவர்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்றும் கொடுமை இது.

வேதத்தைத் திறந்து பாருங்கள். கர்மேல் மலையில் ஜெபித்து வானத்து நெருப்பை இறக்கிய எலியா, சில நாளில் ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து சாவைக் கேட்கிறார். அவருடைய பாவத்தை யாரும் விசாரிக்கவில்லை. ஆண்டவர் தூங்க விட்டார். பிறகு தேவதூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் முறையும் எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். அந்தச் சுட்ட அடையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பவுல் மூன்று முறை மன்றாடியும் அவர் மாம்சத்தில் இருந்த முள் எடுபடவில்லை. அதைத் தாங்கும் கிருபைதான் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எந்தப் போதகருக்குத் துணிச்சல் வரும்? பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. அவர் அன்றே தள்ளிய கேள்வியைத்தான் என் சித்தியிடம் கேட்டார்கள்.

நெல்லைச் சீமையின் டோனாவூரில் கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் சாகும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். அங்கிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். ஒரு வரிகூட எழுதாமல் கிடந்திருந்தாலும் ஆண்டவருக்கு அவர் குறைந்தவர் ஆகியிருக்க மாட்டார்.

சுகத்துக்காக ஜெபிக்கக் கூடாதா என்பீர்கள். ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் உயிர்த்தெழுந்தவர் தோமாவிடம் காட்டியது ஆறி மறைந்த உடம்பை அல்ல, ஆணித் தழும்புகளை. உடைந்தவர்களுக்கு நம்பிக்கை அங்கே இருக்கிறது.

சித்தியை மீட்டது பக்கத்து வீட்டு அக்கா. டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போனதும் அவர்தான். தினமும் காலையில் கஞ்சித் தூக்கோடு வருவார். எதுவும் கேட்க மாட்டார். மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துவிட்டு, சித்தி விழுங்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.